சுவர்க்கோழி அறை

முட்டைக் கிடங்கில் அக்காவை எல்லோரும் விளக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டறையில், ஓட்டை போட்ட தகரப் பெட்டிக்குள் எரியும் பல்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக ஓட்டையில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. வெளிச்சம் பட்டதும் முட்டை உள்ளுக்குள் சிவந்து தெரியும். ரத்தப் பொட்டு, மயிரிழை விரிசல், கலங்கிய கரு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் கழித்துத் தருவதை நான் தனியாக அடுக்குவேன். ஒன்பது வருஷம் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். குடியிருந்ததும் ஒரே கட்டடத்தில்தான். அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. கூடப்பிறந்தவள் இல்லை. ஆனால் கூடப்பிறந்தவளிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் அண்ணன் என்பேன். எங்கே லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். திரும்பி வந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுததையும் கத்தியதையும் நடித்துக் காட்டுவார். மூன்று வீட்டுக்குக் கேட்கும் அவர் சிரிப்பு.

ஒரு நாள் அவரே லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். எழுந்து நடந்தார், ஆனால் இடது காலை இழுத்து இழுத்துத்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருகிறோம் என்றது கம்பெனி. பிறகு, கூப்பிடுகிறோம் என்றது. பிறகு போனையே எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். டிவி ஓடும், சத்தம் இருக்காது. குளிங்க என்றால் குளிப்பார், சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார். மகள் மருந்துக்கடையில் நிற்கப் போய்விடுவாள். அக்காவும் நானும் கிடங்குக்குப் போய்விடுவோம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் அக்கா காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். அண்ணன் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். செருப்பு இரண்டும் ஜோடியாக ஓரத்தில் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. என்னங்க என்று கேட்டதற்கு, காற்று வாங்கினேன் என்றாராம்.

மறுநாள் விளக்கு முன்னால் வைத்துத்தான் அக்கா இதை எனக்குச் சொன்னாள். கையில் ஒரு முட்டை இருந்தது.

“காத்து வாங்கறதுக்குச் செருப்ப ஏன்டி கழட்டணும்?”

அந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல முட்டைதான்.

மகள் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு அடுத்த கடை, கலர் மீன் விற்கும் கடை. பறவை, பல்லி, ஆமை என்று கண்டதும் விற்பார்கள். அங்கே காற்று மோட்டார் ஒன்று நின்றுபோனபோது, எங்கப்பா பார்ப்பார் என்று சொல்லி மகள் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனாள். மோட்டாரைப் பிரித்து அரை மணியில் ஓடவிட்டார் அண்ணன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துத் தன் குறையை ஆரம்பித்திருக்கிறார்.

“மோட்டார் கிடக்கட்டும் சார். தீனிக்கு நான் எங்க போவேன்? என்கிட்ட இருக்கற பெரிய மீனெல்லாம் செத்தத மோந்துகூடப் பாக்காது. உயிரோட துள்ளணும். கிரிக்கெட் கொண்டுவந்து தந்த ஆள் ஊரவிட்டே போயிட்டான்.”

“கிரிக்கெட்டா? மட்டையும் பந்தும் மீனுக்கு எதுக்கு?”

“அட, நீங்க ஒருத்தரு! சுவர்க்கோழி சார். கிர்ர் கிர்ர்னு கத்துமே, அது. வீட்டுலயே வளர்க்கலாம். ஒரு மூலை போதும்.”

அன்று அண்ணன் ஓட்டை போட்ட டப்பா ஒன்றில் ஐம்பது பூச்சியோடு வீட்டுக்கு வந்தார். வந்து, மட்டை பந்து கதையை அக்காவிடம் சொல்லிச் சிரித்தாராம். மறுநாள் அக்கா அதை என்னிடம் சொல்லும்போது, பல்பைப் பார்த்தபடி சொன்னாள். “சிரிச்சாருடி. பல்லு தெரியச் சிரிச்சாரு.”

சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து பிளாஸ்டிக் தொட்டி வைத்தார்கள். முதல் கூட்டம் பதினைந்து நாளில் போயிற்று. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார், அதில் விழுந்து கொஞ்சம் செத்தது. போட்ட காய் அழுகித் தொட்டி ஈரமாகி நாற்றம் எடுத்தது. மிச்சம் இருந்தவை ஒன்றையொன்று கடித்துத் தின்றன. கடைசியில் எறும்பு வந்தது. காலையில் பார்த்தபோது தொட்டிக்குள் இறக்கையும் காலும் மட்டும் கிடந்தன. அண்ணன் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிடங்கில் கழித்துப் போட்ட அட்டைத் தட்டுகளைக் கேட்டு வாங்கினாள். முட்டை அடுக்கும் அந்தக் குழித் தட்டுதான். இரண்டு கட்டு அவள் தூக்கினாள், இரண்டு கட்டு நான் தூக்கினேன். மூன்று மாடி ஏறினோம்.

“இதுக்குள்ள ஒளிஞ்சுக்க இடம் இருந்தா ஒன்ன ஒன்னு கடிக்காதாம். கடைக்காரர்கிட்ட நானே போய்க் கேட்டேன். நம்மள மாதிரிதான் போல. ஆளுக்கொரு மூலை வேணும்.”

தட்டுகளைத் தொட்டிக்குள் நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். தொட்டி வைத்த அலமாரியின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாள், எறும்பு ஏறாது. குடிக்கத் தண்ணீருக்குப் பதில் ஈரப் பஞ்சு. தின்னத் தவிடும், கோழிக்குஞ்சுத் தீவனமும், இரண்டு துண்டு கேரட்டும். பூச்சி ஏறி வராமல் இருக்கத் தொட்டியின் மேல் விளிம்பில் வழவழப்பான டேப் ஒட்டினாள். முட்டையிடத் தட்டையான டப்பாவில் ஈர மணல். மறுபடி ஐம்பது பூச்சி வாங்கி விட்டாள்.

“வால்ல ஊசி மாதிரி நீட்டிட்டு இருக்கு பாரு, அது பொட்டை. மணல்ல குத்திக் குத்தி வைக்கும்.”

மணலை விரலால் கீறிக் காட்டினாள். எனக்கு மணல்தான் தெரிந்தது. அவளுக்கு முட்டை தெரிந்தது. அரிசிக் குருணையை இன்னும் மெலிதாகச் சீவிய மாதிரி இருந்ததை அவள் நகத்தில் எடுத்துக் காட்டிய பிறகுதான் நானும் பார்த்தேன்.

அறைக்குச் சூடு வேண்டும். அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். பழைய லிஃப்ட் சாமான்களைப் பிரித்து, சூடு ஏறினால் பல்பு அணைவதும் இறங்கினால் எரிவதுமாக ஒரு பெட்டி செய்தார். அந்தப் பெட்டியை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினார். பதினோராம் நாள் காலையில் மணல் அசைந்தது. கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அண்ணன் இழுக்கிற காலோடு மாடி இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, வந்து பாரேன்! வந்து பாரு!”

அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியது இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி ஏறும்போது முதலில் லேசாக, பிறகு காதை அடைக்கும்படி. ஆண் பூச்சிகள் இறக்கையை உரசும் சத்தம். மேல் மாடிக்காரர், “உங்க வீட்ல மட்டும் டிக்கெட் இல்லாத கச்சேரி” என்று கேலி செய்வார். அண்ணன், “முன் வரிசைல இடம் இருக்கு, வாங்க” என்பார். அவருக்குப் பூச்சிக்காரர் என்று பெயர் விழுந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு கலர் மீன் கடைக்குப் போவார். சட்டை தேய்த்துப் போட்டுக்கொள்வார்.

வேலை முழுக்க அக்காவுடையது. கிடங்குக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம், வந்ததும் ஒன்றரை மணி நேரம். குனிந்தால் அண்ணனுக்கு இடுப்பு பிடிக்கும். தட்டைத் தட்டிப் பூச்சியை உதறி, அடியில் சேர்ந்த தூளைச் சல்லடையில் சலித்து எடுக்க வேண்டும். எச்சம், உரித்த சட்டை, உடைந்த கால் எல்லாம் சேர்ந்த மண்ணிறத் தூள். சலிக்கும்போது அது எழும்பி பல்பு வெளிச்சத்தில் மிதக்கும். நான் வாசலோடு நின்றுகொள்வேன். அவள் உள்ளே இருப்பாள்.

“நான் ஆறு தொட்டி ஓட்டறேன்” என்று அண்ணன் யாரிடமோ சொல்வது காதில் விழும். அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாள்.

“உனக்குக் கோவமே வராதாக்கா?”

“நான்னு சொல்றாரே, அது போதும்டி. ரெண்டு வருஷம் அந்த வாய்ல நான்னு ஒரு வார்த்தை வரல.”

முதலில் அக்காவுக்குத் தும்மல் வந்தது. பிறகு முழங்கை வரை அரிப்பு, சிவப்புத் தடிப்பு. எண்ணெய் தடவிக்கொண்டாள். மழைக்காலம் வந்தபோது இருமல் பிடித்தது. துணி காயாமல் வீடெங்கும் தொங்கியது, சூடு போய்விடக் கூடாது என்று அந்த அறைக் கதவு இறுக்கிச் சாத்தியே இருந்தது. அவள் உள்ளே போய் வெளியே வந்தால் நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிக்கிற மாதிரி கேட்கும். கிடங்கு விளக்கு முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் அது அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வீட்டில் இருப்பாள், திங்கட்கிழமை அவளால் பேச முடியாது. நான் கவனித்தேன். அவளும் கவனித்திருந்தாள்.

நான்தான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். தெருமுனை டாக்டர். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?”

“மழை ஆரம்பிச்சதுலேருந்து டாக்டர்.”

“தூசு அலர்ஜி மாதிரி தெரியுது. வீட்ல நாய், பூனை, பறவை ஏதாச்சும் வளர்க்கறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“முட்டைக் கிடங்குல.”

“அப்புறம் என்ன? கோழித் தூசு, இறகு, எச்சம். அதான். அந்த வேலைய விட்டுடுங்கம்மா. விடலைன்னா மருந்து மாத்திரம் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டாக்டர், இவங்க வீட்ல ஓர் அறை நிறையப் பூச்சி இருக்கு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மேஜைக்கு அடியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் சொல்லவில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம்.

“என்னக்கா இது? கிடங்குல உட்கார்ந்தாத்தான உனக்கு மூச்சே வருது?”

“தெரியும்டி.”

“தெரிஞ்சுமா?”

“பூச்சின்னு சொன்னா என்ன சொல்வாரு? தூக்கிப் போடுன்னு சொல்வாரு. உங்கண்ணன் காதுல விழுந்தா தூக்கிப் போட்டுடுவாரு. அப்புறம்?” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் கிடங்குல உட்கார்ந்து முட்டையப் பாத்துட்டே மொட்டைமாடிய நினைச்சுட்டு இருக்கணுமா?”

அந்த மாதத்தோடு அவள் வேலையை விட்டாள். அண்ணனும் மகளும்தான் விடச் சொன்னார்கள். டாக்டரே சொல்லிவிட்டாரே. “உனக்கு எதுக்கு அந்தக் கோழித் தூசு? நம்ம தொழில் இருக்கு வீட்ல” என்றார் அண்ணன், ரொம்பப் பாசமாக. விளக்கு முன்னால் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் பத்துக்கு ஒன்று தவறவிட்டாள்.

இப்போது அக்கா நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். ஆறு தொட்டி ஒன்பது ஆயிற்று.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அன்று எனக்குத் தொண்டை சரியில்லாமல் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். மேலே தரையில் ஏதோ விழுந்த சத்தம், பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்ட குரல். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

அக்கா அந்த அறைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சல்லடை கவிழ்ந்து மடியெல்லாம் தூள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளை மேலே தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒரு தொட்டி சாய்ந்திருந்தது. பூச்சிகள் அவள் புடவை மேல் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணனால் குனிந்து அவளைத் தூக்க முடியவில்லை. சுவரைக் கையால் அடித்துக்கொண்டே நின்றார். நானும் மேல் மாடிக்காரரும்தான் நாற்காலியில் வைத்து இறக்கினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். நான்கு நாள் வைத்திருந்தார்கள். அங்கே இருந்த லேடி டாக்டர் கேட்டபோது அக்கா வாயில் முகமூடி இருந்தது. பதில் சொன்னது மகள். பூச்சி, தொட்டி, சல்லடை, தூள் எல்லாம் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொன்னாள்.

“அந்தப் பூச்சி இருக்கற வீட்டுக்கு இவங்க திரும்பக் கூடாது” என்றார் டாக்டர். “இன்னொரு தடவை இப்படி வந்தா நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது.”

அன்று சாயங்காலம் மகளும் அண்ணனும் பேசும்போது நான் இருந்தேன். அக்காவுக்கு மாற்றுப்புடவை எடுக்க வந்திருந்தோம். அறைக் கதவு சாத்தியிருந்தும் சத்தம் நிற்கவில்லை.

“அப்பா, கேட்டீங்கல்ல டாக்டர் சொன்னத?”

“கேட்டேன்மா.” நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். “எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டிடறேன். உங்கம்மாவ விடவா?” அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. எழுந்து அறைக்குள் போனார். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

“மூணு தொட்டி பெருசாயிடுச்சு. வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போயிடுவேன். மத்தது குஞ்சா இருக்கு. அத யாரு வாங்குவா? இந்த பேட்ச் மட்டும் வளர்ந்துடட்டும்மா. ரெண்டு வாரம். அதுவரைக்கும் உங்க சித்தி வீட்ல அம்மா இருக்கட்டும். அறையக் கழுவி, வெள்ளையடிச்சு, அப்புறம் கூட்டிட்டு வந்துடலாம்.”

“ரெண்டு வாரத்துல அந்த மணல்ல இருக்கறது பொரிக்கும்பா.”

“பொரிக்கும்…”

“அப்ப அது வளரட்டும்பீங்க.”

“ஏன்மா இப்படிப் பேசற? அம்மாவா பூச்சியான்னு என்னை ஏன் நிக்க வெக்கற?”

“நான் நிக்க வெக்கல. நீங்களா நிக்கறீங்க.”

அவள் சொன்னது உண்மை. அந்தப் பூச்சிக்கு முடிவு என்று ஒரு நாள் கிடையாது. ஒரு தொட்டி கத்தும்போது இன்னொன்று சட்டை உரிக்கும், இன்னொன்று மணலுக்குள் கிடக்கும். எப்போது நிறுத்தினாலும் ஏதோ ஒன்று பாதியில்தான் நிற்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் மகள் ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஆச்சரியப்படவில்லை. “சரி, ரெண்டு வாரம்தான?” என்றாள். அப்புறம், “பஞ்சு தினமும் மாத்தணும்னு அப்பாகிட்ட சொல்லு. நாறிடும்” என்றாள். மகள் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

அக்காவின் தங்கை வீடு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். தரைவீடு. முன்னறையிலேயே கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மகளும் அங்கேயே போய்விட்டாள். இரண்டு வாரம் நான்கு ஆயிற்று, நான்கு எட்டு ஆயிற்று. கலர் மீன் கடைக்காரர் இன்னும் இரண்டு கடைகளைப் பிடித்துக் கொடுத்திருந்தார். அண்ணன் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை வேலைக்கு வைத்தார். அந்த அறை போதாமல் படுக்கையறையிலும் தொட்டி வைத்தார்.

நான் வாரா வாரம் அக்காவைப் போய்ப் பார்ப்பேன். முகம் தெளிந்திருந்தது. தடிப்பெல்லாம் போய்க் கை சுத்தமாக இருந்தது. தங்கைக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பாள், துணி மடிப்பாள். விருந்தாளி வேலைகள். கிடங்கைப் பற்றிக் கேட்பாள். முதல் சில வாரம், ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாடிக்குப் போறாரா?”

“போறார்க்கா. தொட்டி கழுவிக் காயப் போட.”

“செருப்புப் போட்டுக்கிட்டா?”

“போட்டுக்கிட்டுத்தான்.”

தலையாட்டிக்கொள்வாள். பிறகு அதையும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அண்ணன் முதல் தடவை அவளைப் பார்க்க வந்தபோது குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். கால் மணி நேரத்தில் அவளுக்கு நெஞ்சில் சீட்டி அடிக்க ஆரம்பித்துவிட்டது. சட்டையிலா, தலைமயிரிலா, தோலிலேயே ஏறிவிட்டதா தெரியவில்லை. தங்கை அவரை வெளியே போகச் சொன்னாள். அதற்கப்புறம் அவர் உள்ளே வருவதில்லை.

நான் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தெருவில், ஜன்னலுக்கு வெளியே நின்றார். தங்கை ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டாள். அக்கா கட்டிலில் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

“பதினாலு தொட்டி ஆயிடுச்சு” என்றார். குரல் பழைய குரல். மூன்று வீட்டுக்குக் கேட்கும். “போன வாரம் ஒருத்தர் கார்ல வந்து பாத்துட்டுப் போனாரு. எப்படி சார் இப்படிச் சுத்தமா வச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு.”

“ம்.”

“ஆனா மணல்தான் சரியா வர மாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்கு உன் கை வரல. பாதி பொரிக்குது, பாதி பூசணம் பிடிக்குது. நீ எவ்வளவு தண்ணி விடுவ?”

“விடக் கூடாது. தெளிக்கணும்.”

“எத்தன தடவை?”

“காலைல ஒரு தடவை. ஒரு பிடி எடுத்து இறுக்கினா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது.”

சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளும் பேனாவும் எடுத்தார். தொடை மேல் வைத்து எழுதிக்கொண்டார். “உருண்டையா… சொட்டக் கூடாது. டப்பாவுக்கு மூடி?”

“மூடிய அரைவாசி திறந்து வைங்க.”

இன்னும் நிறையக் கேட்டார். தவிட்டில் வண்டு விழுந்தால் என்ன செய்வது, பொட்டை எத்தனைக்கு ஆண் எத்தனை விடுவது, தட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றுவது. அக்கா ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னாள். அரை மணி நேரம் போயிருக்கும். தாள் இரண்டு பக்கமும் நிறைந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகு ஞாபகம் வந்தவர் போல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

“மூச்சு பரவாயில்லையா?”

“இங்க நல்லா இருக்கு.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார். மனசாரத்தான் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்தப் பொண்ணு நாலு மணிக்குக் கிளம்பிடும். அடுத்த வாரம் வரேன்.”

காலை இழுத்து இழுத்துத் தெருமுனை வரைக்கும் போனார். அங்கே எதிரே வந்த யாரோ அவரை நிறுத்தி ஏதோ கேட்டார்கள். அவர் கையை விரித்து, உயரம் காட்டி, சிரித்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜன்னலச் சாத்துடி” என்றாள்.

“வெயில்கூட இல்லையேக்கா. காத்து நல்லா வருது.”

“சாத்து.”

எழுந்து போய்ச் சாத்தினேன். கொக்கியையும் மாட்டினேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.